எத்தனை சவரன்

கொள்முதல் படிவத்தில் 'தங்கம்' என்று பார்த்ததும்
கண்ணாடியைக் கழற்றினார் தணிகாசலம்:
"எத்தனை சவரன்மா?"

ஒரு கிராம் உப்பு, சார். குப்பியில் வரும்.
கொதிநீரில் சிட்ரேட் விழுந்ததும்
மாதுளைச் சாறாய்ச் சிவந்துவிடும்.
அத்தனை சிறிதானால்
தங்கத்துக்கே தங்க நிறம் கிடையாது.

வெறும் டைட்டானியா வீம்பு பிடித்தவள்.
வேளச்சேரி வெயிலையே கொட்டினாலும்
புறஊதா ஒரு கீற்றைத் தொட்டுவிட்டு
மிச்சத்தைத் திருப்பி அனுப்புவாள்;
அதனால்தான் அந்த வெள்ளை.
தங்கத் துகள் பக்கத்தில் உட்கார்ந்தால்
பச்சை ஒளிக்கும் கை நீட்டுகிறாள்.

வியாசர்பாடி சுரங்கப்பாதையில்
இரண்டு ஓடு பதித்தோம். வெள்ளை ஒன்று, இளம் ஊதா ஒன்று.
ஆளுக்கொரு சொட்டு நீலச் சாயம்.
குழல்விளக்கு, லாரிப் புகை, மூத்திர வாடை;
மேலே மின்சார ரயில் போனால்
விளக்கும் நடுங்கியது.

ஆறாம் நாள்
வெள்ளையில் நீலம் அப்படியே.
ஊதாவில்
தேடினேன், இல்லை.

ஏழாம் நாள் கேமராவோடு போனால்
இரண்டையும் மூடி, பசை காயாமல்,
கண்ணீர் அஞ்சலி:
ஜெ. கபாலமூர்த்தி, மீன்பாடி வண்டி சங்கம்.
வெளிச்சம் புகாது. கிழிக்கவும் கை வரவில்லை.

தணிகாசலம் சார் போனில்:
"தணிக்கை வருது. தங்கம் எங்கே?"

சுவரில்தான் சார்.
ஒருத்தர் முகத்துக்குப் பின்னால்.