ஆறரை

நீடாமங்கலம் கேட் போட்டுவிட்டார்கள்.
பேருந்து அணைந்தது. முறுக்குக்காரர் ஏறினார்.
என் காதுக்குள் ஷெஃபீல்டில் ஒருத்தி
நூலகத்தில் உறுப்பினராகச் சேர்கிறாள்,
குடும்பப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்கிறாள்.
பயணச்சீட்டின் பின்னால் குறித்துக்கொள்கிறேன்.
வீட்டு எண் செவன்ட்டீனா, செவன்ட்டியா?
சரக்கு வண்டி கடக்கிறது.
அவள் சொன்ன கடைசி எழுத்து
சக்கரத்தோடு போய்விட்டது.

உரக்கடை மாடியில் வகுப்பு.
யூரியா வாசம் படியேறி வரும்.
ஃபெலிக்ஸ் சார் சொல்வார்:
உண்மையைச் சொல்லாதே, நீளமாகச் சொல்.
ஹபீபாவுக்கு அடிமட்டப் பரீட்சை போதும்,
புருஷன் பர்மிங்காமில்.
என் பொழுதுபோக்கு தோட்டம் என்று
வாரம் மூன்று நாள் பொய் பழகுகிறாள்,
கூத்தாநல்லூர் வீட்டில் ஒரு தொட்டிகூட இல்லாமல்.

எனக்குக் கட்டுரை.
நகரங்களில் கார்களைத் தடைசெய்ய வேண்டும்.
எந்த அளவுக்கு உடன்படுகிறீர்கள்?
பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது.
எந்த அளவுக்கு?
முப்பத்தொரு வயதில் முதல் தடவையாக
ஒருவர் என்னை இப்படிக் கேட்கிறார்,
அதுவும் இருநூற்றைம்பது வார்த்தைக்குக் குறையாமல்.
கல்யாணத்துக்கு
ஒரு தலையாட்டல் போதுமாயிருந்தது.

மன்னார்குடி ஆஸ்பத்திரி, இரவுப் பணி.
விரியன் கடித்த கால் ஒன்று வந்தது
நாற்றங்காலிலிருந்து, சேறு காயாமல்.
பெயர் வைரக்கண்ணு.
கண்ணாடிக் குழாயில் அவர் ரத்தத்தை
இருபது நிமிடம் அசைக்காமல் நிறுத்த வேண்டும்,
உறைகிறதா என்று பார்க்க.
வரைபடத்தை விவரிக்கவும்
அதே இருபது நிமிடம்தான் தருகிறார்கள்.
பக்கத்தில் நின்றே மனசுக்குள் எழுதினேன்:
நியூசிலாந்தில் பால் உற்பத்தி ஏறுகிறது,
ஏறி, அப்படியே நிற்கிறது.
குழாயைச் சாய்த்தேன். தண்ணீராய் ஓடியது.
மருந்தை ஏற்றினோம்.
வாய்விட்டு முணுமுணுத்திருக்கிறேன் போல.
"என்னாம்மா அது, விஷக்கடி மந்திரமா?"
நெவர்தலெஸ், ஃபர்தர்மோர், ஆன் தி அதர் ஹேண்ட்.
"ஆமா, பேசாமப் படுங்க."
விடிகிற நேரம் மறுபடி சாய்த்தேன்.
கெட்டியாக நின்றது.

திருச்சியில் விரல்ரேகை எடுத்தார்கள்,
கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள்.
பேச்சுத் தேர்வில் ஒரு சீட்டு:
உங்கள் ஊருக்கு அருகிலுள்ள நீர்நிலை ஒன்றை விவரிக்கவும்.
யோசிக்க ஒரு நிமிடம்.
பாமணியாறு என்று எழுதி அடிக்கோடிட்டேன்.
மதகுக்கு வார்த்தை வரவில்லை,
தண்ணீரின் கதவு என்றேன்.
மேட்டூரில் திறந்ததும் எங்களுக்கு வந்துவிடாது என்றேன்.
வந்தாலும் முதலில் வருவது தண்ணீர் அல்ல,
நுரை, சருகு, யாருடையதோ ஒற்றைச் செருப்பு,
அதற்கும் முன்னே குரைத்துக்கொண்டு ஒரு நாய்.
கடைமடைக்கு என்ன சொல்வது?
வீ ஆர் லாஸ்ட், என்றேன்.
இலக்கணம் சரிதான்.
முகத்தில் ஒன்றுமில்லாமல் தேங்க் யூ என்றார்.
இரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

முடிவு அலைபேசியில் வந்தது,
மருந்துத் தட்டு கையில் இருக்கும்போது.
கேட்டல் ஏழு, வாசிப்பு ஏழு.
பேச்சுக்கு ஏழரை; ஏழரை பிடித்துச் சிரித்தவள்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.
எழுத்து, ஆறு.
ஆறரை வேண்டும்.
"ஆறு உன்ன விடமாட்டேங்குதேடி" என்கிறாள் ஹபீபா.
அந்த அரைக்கு மறுபடியும் முழுக் கட்டணம்.
சங்கத்தில் வைத்த சங்கிலி
இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

வைரக்கண்ணு சோதனைக்கு வந்தார்,
நொண்டிக்கொண்டு, ஒரு கட்டு கீரைத்தண்டோடு.
பையன் இப்ப வயல்ல நிக்கிறான்,
அந்த மந்திரத்தக் கொஞ்சம் எழுதிக் குடும்மா.
"கடிச்சா மொதல்ல இங்க கொண்டாங்க.
மந்திரமெல்லாம் அப்புறம்."
சரி சரி என்றார், நகரவில்லை.
சீட்டின் பின்னால் தமிழில் எழுதினேன்: நெவர்தலெஸ்.
எழுத்துக்கூட்டிப் படித்தார். அர்த்தம் கேட்டார்.
"ஆனாலும்."
"ஆனாலும்?"
"ஆமா."
"ஆனாலும்... என்னம்மா?"
"அவ்வளவுதாங்க."