சும்மா நிற்பது

சாங்வோன் நகரம், நவம்பர்.
தானியங்கிப் பொறியாளர்களின் உலக மாநாடு.
முப்பத்தொரு நாடுகளிலிருந்து
கழுத்தில் பெயரட்டையோடு வந்தவர்கள்
காப்பி இயந்திரத்தின் முன்
வரிசை தெரியாமல் முட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாம் தளத்தில், கழிப்பறைக்குப் போகும் வழியில்
தாக் போ-கியோங்குக்கு ஒதுக்கிய மேசை.
மேசைமேல் ஒன்றரை மீட்டர் தண்டவாளம்,
அதில் ஒரு குட்டி வண்டி,
வண்டியின் முதுகில் ஓர் அலுமினியக் கோல்,
செங்குத்தாக.

தஞ்சாவூர்ப் பொம்மையைத் தள்ளினால் எழுந்துவிடும்.
அதற்கு அடியில் கனம்; பிறவிச் சொத்து.
இந்தக் கோலுக்குக் கனமெல்லாம் தலையில்.
எந்தப் பக்கம் விழப் பார்க்கிறதோ
அந்தப் பக்கமே ஓடுகிறது வண்டி,
விழுகைக்கு முன்னால் போய் அடியில் நிற்கிறது,
நொடிக்கு ஐந்நூறு தடவை அளந்து
மயிரிழை வலம்,
மயிரிழை இடம்,
மறுபடி வலம்.
கைகழுவிவிட்டுத் திரும்பிய ஒருவர்
பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:
பார், சும்மா நிற்கிறது.

கட்டுப்பாடு என்று நம் மொழியில் எழுதிப் பார்க்கிறேன்.
கட்டு கொஞ்சம்தான்.
மீதியெல்லாம் பாடு.

அவள் கட்டுரையை வாசித்த இரண்டாம் மதிப்பீட்டாளர்
ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்:
"நீண்ட நேரம் தாங்குமா, ஐயமே."
அந்த வரிக்காகத்தான்
மாநாட்டுக்கு முந்தைய மாலையே கோலை நிறுத்திவைத்து
இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு
மூன்று இரவு அங்கேயே தூங்கினாள்.
தூங்கினாள் என்றால், அரைக்கண்.
மோட்டாரின் முனகல் மாறினால் முழுக்கண்.

இரண்டாம் நாள், லியூப்ளியானாவிலிருந்து வந்த
பேராசிரியர் கொகாய் குனிந்தார்,
கண்ணாடியைக் கழற்றினார்,
பிறந்தநாள் மெழுகுவர்த்தியை அணைப்பவர்போல
உஃப் என்று ஊதினார்.
கோல் சாய்ந்தது. வண்டி தடதடவென்று ஓடி,
தேவைக்கு மேலும் ஓடி,
வெட்கப்பட்டாற்போல் கொஞ்சம் திரும்பிவந்து,
சரி.
"தாமதம் எவ்வளவு?"
"பதினோரு மில்லிசெகண்ட்."
"உங்கள் கைக்கு?"
கோலைப் பிடிக்க நீண்டு
பாதியில் நின்றிருந்த கையை
அவள் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் நன்றியுரை.
பதாகையைச் சுருட்டியாயிற்று.
ஆறு மணிக்கு அரங்கின் மின்சாரத்தை நிறுத்த வந்தார்
பியோ தொக்-சு, சாவிக்கொத்தோடு.
தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு மஞ்சள் துண்டுச்சீட்டு:
பத்து நிமிடத்தில் வருகிறேன். அணைக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.
கெஞ்சி என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு.

ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வந்தார்.
அந்த ஒரு இணைப்பை விட்டுவைத்தார்.
இருட்டில் சின்னப் பச்சை விளக்கு
போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.
தன் இருபத்தாறு வருட வேலையில்
அணைக்காமல் காத்திருப்பது
இதுவே முதல் தடவையோ என்று யோசித்தார்.
இல்லை, ஒரு முறை மீன்தொட்டிக் கண்காட்சி.

பத்து நிமிடம் நாற்பது நிமிடமாகி
வந்தாள், கையில் பெட்டி, வாயில் பாதி கிம்பாப்.
"எத்தனை மணி நேரம் ஆயிற்று?"
"எழுபத்தொன்றரை."
"பிடுங்கினால்?"
"விழும். கீழே பஞ்சு இருக்கிறது. ஒன்றும் ஆகாது."

ஒன்றும் ஆகாது என்றவள்
வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
தொக்-சு ஒரு கையை மேசைக்கடியில் விட்டார்,
மற்ற கையைக் கோலின் அருகே விரித்தார்,
பிளக்கை இழுத்தார்.
முதலில் தயக்கம். அப்புறம் முடிவு.
உள்ளங்கையில் வந்து சாய்ந்தது,
சூப் கரண்டி அளவுதான் எடை.
இதற்கா இவ்வளவு, என்று அவர் கேட்கவில்லை.

வெளியே குளிர். பேருந்து நிறுத்தத்தில்
யாரும் இல்லை, அவர் சும்மா நின்றார்.
காலணிக்குள்
கணுக்கால் மயிரிழை வலம் போனது,
இடம் வந்தது.
இன்னும் நான்கு நிமிடம் என்றது மின்பலகை.
நான்கு நிமிடம் கழித்துப் பார்த்தார்.
இன்னும் நான்கு நிமிடம்.