விருப்ப ஒழுங்கு

கைதடிச் சந்தியில் என் கடை.
போட்டோக் கொப்பி, லமினேற்றிங், ரீலோட்.
புலமைப்பரிசில் முடிவு வந்த கிழமைகளில்
ஆறாம் வகுப்பு விண்ணப்பம்.

முதலாவது விருப்பம். இரண்டாவது. மூன்றாவது.
மூன்று கோடுகளுக்கும் மேலே
சுட்டெண், பெற்ற புள்ளி.
பிள்ளையின் பெயரில் எழுத்துப் பிழை விட்டாலும்
பொறுத்துக்கொள்ளுவினம்.
புள்ளியில் ஒன்றைக் குறைத்து அடித்தால்
கடை தாங்காது.

"நூற்றி ஐம்பத்தாறு" என்றா அந்த அம்மா,
நான் கேட்க முதலே.
வங்கியொன்றில் கூட்டித் துடைக்கிற வேலை,
அரைநாள் லீவில் வந்திருக்கிறா.
பக்கத்தில் யதுமிகா,
கோரைப்பல் பாதி முளைத்தபடி.

"முதலாவது வேம்படி.
ரெண்டாவதும் ரவுணுக்குள்ளயே ஒண்டு பாத்துப் போடுங்கோ.
மூண்டாவது... சும்மா, எங்கட ஊரைப் போடுங்கோ,
கோடு வெறுமையாக் கிடக்கப்படாது."

ரொறன்ரோச் சித்தி குரல்பதிவில் நாலு நிமிடம் பேசினா.
ரியூசன் மாஸ்டர் வேறொன்று சொன்னாராம்.
கட்டாரிலிருந்து தகப்பன்
ஒரே வரி: நீ பாத்துச் செய்.
ஆறு பத்து பஸ், நாவற்குழிப் பாலம்,
பின்னேரம் வகுப்பு, திரும்பி வர இருட்டிவிடும்.
விரல் மடித்துக் கணக்குப் பார்த்தா.
விரல் காணாத இடத்தில்
பிள்ளையின் நித்திரையைக் கழித்துச் சரிக்கட்டினா.

பிறப்புப் பத்திரத்தை மறந்துபோய்
சைக்கிளில் வீட்டுக்கு ஓடினா.

கதிரை நுனியில் பிள்ளை.
"அண்ணை, மூண்டாவதை
முதலாவதாப் போடேலுமோ?"
"ஏன்?"
"ஆரபிக்கு ரெண்டு புள்ளி காணாது."

அவ்வளவுதான்.
பிறகு லமினேற்றிங் மெசின்
யாரோ ஒருவரின் அடையாள அட்டையை
மெல்ல மெல்ல வெளியே தள்ளுவதைப்
பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் இந்தச் சோதனை எழுதினவன்தான்.
தொண்ணூற்றைந்தில்.
புள்ளி வர முதல்
சனமெல்லாம் எழும்பி நடந்த வருஷம்.
இந்தச் சந்தியைத் தாண்டித்தான் நாங்களும் போனது,
இரவு, மழை.
என் புள்ளி எந்தக் கல்லூரிக்கும் போய்ச் சேரவில்லை.
எனக்கும் வரவில்லை.
கன காலம் அதை
நூற்றி எழுபது என்று வைத்திருந்தேன்.
கலியாணத்துக்குப் பிறகு
நூற்றி நாற்பதுக்கு இறக்கிவிட்டேன்.

அவளுக்கு இதைச் சொல்லி என்ன.

அம்மா சொன்னபடி ஒன்று அடித்தேன்.
அவள் சொன்னபடி ஒன்று.
பிரிண்டரில் மை முடிகிற நேரம்,
இரண்டாவது வெளிறி வந்தது.

மூச்சு வாங்க வந்தா.
இரண்டு தாளையும் பார்த்தா.
பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.
வெளிறினதை எடுத்து
கள்ள நோட்டைப் பார்க்கிற மாதிரி
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தா.

"ஒரு பக்கம் எவ்வளவு தம்பி?"
"நாற்பது."
எண்பதை எண்ணி வைத்தா,
எல்லாம் சில்லறை.
இரண்டையும் ஒரே பைலுக்குள்
முகத்தோடு முகம் பார்க்க வைத்தா.
"வெள்ளிக்கிடையில அதிபரிட்டக் குடுக்க வேணும்."
"ஓம், தெரியும்."

பின் கரியரில் பிள்ளை
பைலைக் கட்டிப்பிடித்தபடி.
சங்குப்பிட்டிப் பக்கம் போகிற லொறி ஒன்று
குறுக்கே வந்து மறைத்துவிட்டது.

இன்றைக்குச் சனிக்கிழமை.
கொம்பியூட்டரில் இரண்டும் கிடக்கின்றன,
யதுமிகா ஒன்று, யதுமிகா இரண்டு.
மை வாங்க
ரவுணுக்குப் போக வேண்டும்.