ஜனவரி ஒன்று

யீஷூன் புளோக்கின் ஒன்பதாம் மாடியில்
கூரை விசிறியைவிடச் சத்தமாய்
மூச்சிரைக்கிறது என் பெண்டியம் மூன்று.

உள்ளே கடிகார பேட்டரி செத்து நாளாயிற்று.
எழுப்பும்போதெல்லாம் அதற்கு
இரண்டாயிரம், ஜனவரி ஒன்று.
நான் திருத்துவதில்லை.

சிம் லிம் கடைப் பையன் சிரித்தான்:
"அங்கிள், இதுக்கு சாமான்
காராங்குனிகிட்டதான் கிடைக்கும்."

மகன் தந்த மடிக்கணினி
தொட்டதும் விழிக்கிறது.
பாவம், அதற்குப் படிக்கத் தெரியாது.
பழைய எழுத்துருவில்
செண்பகவல்லி தட்டிவைத்த கோப்பு
கேள்விக்குறிகளாய்க் கொட்டுகிறது.

இந்தக் கிழட்டுப் பெட்டியில் மட்டும்
பிழை மாறாமல் அவள் வரி:
"பால் வாங்க மறக்கவேண்டம்."

பையை எடுத்துவிட்டேன்.
இன்று ஜனவரி ஒன்று.
கடை திறந்திருக்குமா, தெரியவில்லை.