கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள்

கயிற்றை இழுக்கிறேன். இருபத்தாறாவது தடவை.
புல்வெட்டி ஒரு தும்மல் போட்டது,
பிறகு அதுவும் இல்லை.

அருமனைக்கு மேற்கே, ரப்பர் மரங்களை ஒட்டிய சரிவில்
எங்கள் கல்லறைத் தோட்டம்.
ஐப்பசி மழையில் புல் முழங்கால் தாண்டிவிட்டது.
கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிறவர்கள் மாதிரி
சிலுவைகள் நிற்கின்றன.
நாளை நாலு மணிக்கு மந்திரிப்பு.

பெட்ரோல் இருக்கிறது, மோந்து பார்த்தேன்.
காற்று போகிறது, வடிகட்டியைக் கழுவி மாட்டினேன்.
மிச்சம் இருப்பது தீ.

பிளக்கைக் கழற்றினேன். கரி பிடித்த பல்.
உரசித் துடைத்து, மறுபடி வயரில் செருகி
எஞ்சின் தலைமேல் சாய்த்து வைத்து
சட்டையால் வெயிலை மறைத்துக்கொண்டு இழுத்தேன்.
பொறி இல்லை.
மார்த்தாண்டம் போய் நூற்றைம்பது ரூபாய்க்குப் புதுசு வாங்கினேன்.
அதிலும் இல்லை.
பாலத்துக்கு அடியில் கடை வைத்திருக்கும் வின்ஸ்லெட்
போனிலேயே தீர்ப்புச் சொன்னான்:
"காயில் போச்சு அண்ணே. ஆயிரத்தி எண்ணூறு ஆவும்."
பங்குச் சாமியார் காதில் அந்தத் தொகை மட்டும் விழவில்லை.

மெழுகுதிரி வைக்க இடம் பார்க்க வந்த ரோஸ்லெட்
பக்கத்தில் நின்று கேட்டாள்:
"என்னவாக்கும் செய்யுது?"
"ஒண்ணும் செய்யல்ல. அதாக்கும் பிரச்சினை."

மூடியைத் திறந்தேன்.
சக்கரத்தில் பதித்த காந்தத்தில் துரு.
உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.
காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே
ஒரு அட்டை கனத்துக்கு இடைவெளி வேண்டும்.
பையைத் துழாவினேன். பஸ் டிக்கெட், அது மெலிசு.
அவள் கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.
தொபியாஸ். பிறப்பு, இறப்பு, மீசை.
முப்பதாம் நாள் பூசையில் எல்லோருக்கும் கொடுத்தது.
"கனம் போதுமா?"
போதும் என்றேன். வேறென்ன சொல்ல.

அட்டையை நடுவில் வைத்துத் திருகைத் தளர்த்த
காந்தம் காயிலை டக்கென்று இழுத்து அணைத்தது.
முடுக்கினேன். சக்கரத்தைத் திருப்ப
அவர் வெளியே வந்தார்,
நெற்றியில் கிரீஸ் பிறையோடு.
சேலை முந்தியால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.
அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இழுத்தேன். அப்பவும் பொறி இல்லை.

அப்புறம்தான் பார்த்தேன்,
காயிலிலிருந்து கைப்பிடிக்குப் போகும் அந்தக் கறுப்பு வயரை.
அதற்கு ஒரே வேலைதான்: நிறுத்துவது.
பிடியை விட்டால் அது இரும்பைத் தொடும்,
வருகிற மின்சாரமெல்லாம் இரும்போடு போய்விடும்.
அதைப் பிடுங்கிவிட்டு
"பிளக்கைப் பிடி, ரப்பர்ல பிடி" என்றேன்.
அவள் ரப்பரில் பிடிக்கவில்லை.

"எளவே! உயிரு இருக்கு இதுக்கு!"
கையை உதறிக்கொண்டு கத்தினாள்.
கத்தியபின் சுற்றிலும் பார்த்தாள்,
நிற்கிற இடம் எதுவென்று.
அவள்தான் முதலில் சிரித்தாள்.

வயரைத் தடவிக்கொண்டே போனேன்.
கைப்பிடிக் கிளிப்புக்கு அடியில் தோல் உரிந்து
செம்பு இரும்பில் ஒட்டியிருந்தது.
ஆக, எஞ்சின் பிணங்கவில்லை.
மூன்று நாளாக யாரோ அதனிடம்
நிறுத்து நிறுத்து என்று ஓயாமல் சொல்ல
கீழ்ப்படிந்துகொண்டிருந்திருக்கிறது.
நான் அதைத்தான் திட்டினேன்,
செத்தவர்கள் காதுபட.

டேப் இல்லை.
எல்லை மரத்தின் வெட்டில் காய்ந்து கிடந்த
ஒட்டுப்பாலை நாடாவாக உரித்து
இழுத்து இழுத்துச் சுற்றினேன்.
நாளை வரைக்கும் தாங்கும். கறுப்பு வயரை மறுபடி மாட்டினேன்.

இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.
ரப்பர் தோட்டத்துக் காக்காய்கள் எழும்பிப் போயின.
முதல் வரிசை முடிந்தது, இரண்டாவது முடிந்தது.
பச்சை வாசனை, அறுபட்ட நத்தைகள்.
மூன்றாம் வரிசையில், சிமெண்ட் போடாத மேட்டுக்குப் பக்கத்தில்
ரோஸ்லெட் கையை ஆட்டி என்னவோ சொன்னாள்.
கேட்கவில்லை.
பிடியை விட்டேன்.
சொன்னவுடன் நின்றது.

"இது மட்டும் வேண்டாம் அண்ணே,
நான் கையால பறிச்சுக்கிடுவேன்."

அவள் குத்தவைக்கும் வரை பார்த்துவிட்டு
நான் நாலாம் வரிசைக்கு உருட்டிப் போனேன்.