பத்தாவது ஆள்

மைதானத்தில் எட்டுப் பேர் ஒரு திசை பார்ப்பார்கள்.
நான் மட்டும் எதிர்த்திசை.
முகத்தில் கம்பிக்கூண்டு, நெஞ்சில் பஞ்சுக் கவசம்,
முழங்காலிலிருந்து கீழே தகடு.
குந்தி உட்கார்ந்தால் எட்டு முகமும் தெரியும்.
தூரத்தில் ஒருவன் கொட்டாவி விட்டாலும் தெரியும்.

யீஷுனில் உயர்நிலை இரண்டு படிக்கையில்
யாரும் போட மறுத்த, வியர்வை நாறும் முகமூடி அது.
"மாறா, நீதான் குண்டு, நீ போடு" என்றார்கள்.
அப்படித்தான் தொடங்கியது என் தொழில்.
பேட்டிகளில் வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன்.

தொடைகளின் நடுவே விரல்கள் பேசும்.
ஒன்று: நேரே வா.
இரண்டு: வளைந்து வா.
நான்கும் ஆடினால்: மெதுவாக, ஏமாற்று.
கோக் வெய் எறிய நான் பிடிக்க, ஆறு வருடம்
அந்த மொழியில்தான் பேசினோம்.
அவன் கல்யாணத்தில் மைக்கை என்னிடம் நீட்டியபோது
இரண்டு விரலைக் காட்டிவிட்டு உட்கார்ந்தேன்.
அவனுக்கு மட்டும் சிரிப்பு.

பிறகு ஜப்பானில், கடலோரம், ஒரு சின்ன ஊர்.
சம்பளம் என்று ஒன்று தந்தார்கள்.
சாங்கியில் பெட்டி தூக்கினால் அதைவிடக் கூடும்.
ஆனாலும் தாளில், என் பெயருக்கு எதிரே,
தொழில்: பந்து பிடிப்பவர்.
அம்மா அதைப் படமெடுத்து
புளோக் முழுக்க அனுப்பினாள்.
"பிடிக்கிறதுக்கா காசு?" என்று கேட்டாராம்
லிஃப்டில் ஒருவர்.

இரண்டாம் பருவம், ஜூலை.
முழங்காலுக்குள் யாரோ மணல் கொட்டினார்கள்.
எழுந்திருக்க
பூமியைக் கையால் தொடவேண்டியிருந்தது.
பயிற்சியாளர் பார்த்துவிட்டார்.
மறுநாள் பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில்
டிஎச்.
அடிக்க மட்டும். பிடிக்க வேண்டாம்.

தமிழில் அதை எப்படிச் சொல்வதென்று
அன்றிரவு யோசித்தேன்.
நியமன மட்டையாளர்?
அரசாங்கக் கடிதம் மாதிரி இருக்கிறது.
பிடி போய் அடி மிஞ்சியது, அவ்வளவுதான்.
பற்றுக்கும் பிடிப்பு, தசை இறுகினாலும் பிடிப்பு.
எந்த மருத்துவரும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

ஒன்பது பேர் வெயிலில். நான் நிழலில்.
பந்திக்கு மட்டும் கூப்பிடப்படும்
தூரத்து உறவுக்காரன் மாதிரி
நான்கு முறை எழுந்து போய்
அடித்துவிட்டோ அடிக்காமலோ
திரும்பி வரவேண்டும்.
இடையில் சூரியகாந்தி விதை.
மெல்வேன், துப்புவேன், எண்ணுவேன்.

இப்போது காலாங். ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும்.
சம்பளம் இல்லை; போட்டி முடிந்தால் கோப்பி உண்டு.
எங்கள் பிடிப்பாளன் ஹஃபீஸ், பத்தொன்பது வயது,
எண்ணெய் போட்ட கீல் மாதிரிக் குந்துகிறான்.
பந்து ஒன்று தாழ்ந்து தரையில் குத்த,
நிழலில் கிடந்த என் இடது கை
தானே மூடிக்கொள்கிறது.
உள்ளே ஒன்றுமில்லை.

ஏழாவது சுற்று. இரண்டு பேர் அவுட்.
இரண்டு பால், இரண்டு ஸ்ட்ரைக்.
மட்டையோடு நிற்கிறேன்.
முதுகுக்குப் பின்னால் எதிரணிப் பிடிப்பாளன்
குந்துகிறான்.
டக் என்கிறது ஒரு முழங்கால்.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
காலணிக்கடியில் மண் அரைகிறது;
வெளிப்பக்கம் சாய்கிறான்.
சரி, வளைவு.
தோள் தயார்.

அப்போது பார்த்து மின்னல் சங்கு ஊதுகிறது.
கம்பத்தில் விளக்கு சுழல்கிறது.
எறிகிறவன் பந்தைக் கையுறைக்குள் போட்டு
ஓடுகிறான். எல்லோரும் ஓடுகிறோம்.
நான் நடக்கிறேன்.

இருபது பேரும் ஒரே கூரைக்குக் கீழே,
செய்ய ஒன்றுமில்லாமல்.
பலகையில் இரண்டு, இரண்டு.
மழை அதையும் மறைக்கிறது.
பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன்
முகமூடியைத் தூக்கினான்; என் வயதுதான்.
"எந்தக் கால்?" என்றேன்.
"ரெண்டும்" என்றான்.
விதைப் பொட்டலத்தை நீட்டினேன்.
கொஞ்ச நேரம் மென்றோம்.
"வளைவுதானே கேட்டாய்?"

பதில் இல்லை.
வலது கையை
மெல்லத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.