குன்றிமணியில் நூற்றிலொன்று

அபிஷேகப்பட்டி ஆய்வகம், இரவு பதினொன்றே கால்.
நேற்றும் பச்சைதான் வந்தது.

நடுவில் தங்கம்; அதற்கு இரண்டே கைகள்.
கார்பசோல் கை எலக்ட்ரானை வாரிக் கொடுத்தது,
கொடுக்கக் கொடுக்க
நீலம் இறங்கிப் பச்சையானது.
இன்று அதன் முதுகில்
இரண்டு ஃப்ளோரின் கட்டிக்
கொஞ்சம் கஞ்சனாக்கினேன்.
எதிர்க்கையில் பருத்த கிளைகள்,
சுழன்று சுழன்று
வெளிச்சத்தைச் சூடாகத் தொலைத்துவிடாமலிருக்க.

கரண்டு போனது.
டார்ச்சோடு வந்தார் காவலாளி சொள்ளமுத்து.
கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கைக்
குப்பியின்மேல் பிடித்தேன்.

"இதுல எம்புட்டும்மா தங்கம்?"
"குன்றிமணில நூத்துல ஒண்ணு."
"அடகு வச்சா ஒரு டீக்குத் தேறாதுல்லா."

சொல்லிவிட்டுப் போகவில்லை.
டார்ச்சை அணைத்தார்.
குனிந்த முகத்தில்
நரைமீசை
நீலமாயிருந்தது.